டூப்ளிகேட்தான் உன் மூலதனம்: கார்டு சேர்க்கும் தங்கச்சிக்கு லண்டன் அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி,

பையன் ஸ்கூலிலிருந்து கொண்டுவந்த கார்டுப் பைத்தியம் உன்னையும் பிடித்துக்கொண்டது என்று கேள்விப்பட்டேன். ஃபுட்பால் கார்டில் தொடங்கி, பேஸ்பால் கார்டு, பழைய சிகரெட் கார்டு வரைக்கும் போய்விட்டாயாம். போகட்டும், ஊரில் தீப்பெட்டிப் படமும் ட்ரம்ப் கார்டும் சேர்த்தவர்கள்தானே நாம். ஆனால் லண்டனில் கைக்காசு கரையாமல் இதை நடத்த வேண்டுமென்றால் நீ கற்றுக்கொள்ள வேண்டியது வாங்குவதை இல்லை, மாற்றுவதை. வாங்கத் தெரிந்தவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். அழகாக மாற்றத் தெரிந்தவர்கள்தான் குறைவு.

1. பாக்கெட் கிழிக்கும் முன் கணக்கைப் பார்

2018 உலகக் கோப்பைக்கு பனினி வெளியிட்ட ஆல்பத்தில் 682 ஸ்டிக்கர்கள். ஐந்து ஸ்டிக்கர் கொண்ட பாக்கெட் 80 பென்ஸ். யாரோடும் மாற்றாமல், பாக்கெட் வாங்கியே ஆல்பத்தை நிரப்ப எவ்வளவு ஆகும் என்று கார்டிஃப் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் பால் ஹார்ப்பர் கணக்குப் போட்டார். சராசரியாக 967 பாக்கெட். அதாவது 773 பவுண்டு!

எங்கே போகிறது இவ்வளவு பணம்? கடைசிக் கட்டத்தில்தான். ஆல்பத்தில் ஒரே ஒரு இடம் காலி என்று வைத்துக்கொள். நீ வாங்கும் ஒவ்வொரு ஸ்டிக்கரும் அதுவாக இருக்க 682-ல் ஒரு வாய்ப்புதான். சராசரியாக 136 பாக்கெட், சுமார் 109 பவுண்டு, ஒரே ஒரு முகத்துக்காக! அதே முகம் பக்கத்துத் தெருப் பையனிடம் மூன்று இருக்கும். ஆகவே பாதி ஆல்பம் நிரம்பும்வரை பாக்கெட் வாங்கு. அதற்குப் பிறகு பர்ஸை மூடிவிட்டு, இரண்டிரண்டாக வந்த டூப்ளிகேட்டைக் கையில் எடு. இங்கே பிள்ளைகள் கட்டைப் புரட்டிக்கொண்டே "காட், காட், நீட்" என்று பாடுவார்களே, அந்த "நீட்" வரும் இடத்தில்தான் காசு மிச்சமாகிறது.

2. வட்டத்தைச் சின்னதாகப் போடு

எல்லாவற்றையும் சேர்க்க ஆசைப்பட்ட ஒருவர் இருந்தார். எட்வர்ட் வார்ட்டன்-டைகர். ஏறக்குறைய பத்து லட்சம் கார்டு சேர்த்தார். 1995-ல் அவர் இறந்தபின் அத்தனையும் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போனது. அவர் சுரங்கக் கம்பெனியில் பெரிய அதிகாரி. உனக்கு இருப்பது ஈஸ்ட் ஹாமில் ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட். அதனால் ஒரு தலைப்பை எடுத்துக்கொள். எனக்குப் பிடித்த இரண்டைச் சொல்கிறேன்.

முதலாவது, பேஸ்பால். ஸ்ட்ராட்ஃபோர்டில் இருக்கும் லண்டன் ஸ்டேடியத்தில் 2019-ல் நியூயார்க் யாங்கீஸும் பாஸ்டன் ரெட் சாக்ஸும் மோதின. 2023-ல் சிகாகோ கப்ஸும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸும், 2024-ல் நியூயார்க் மெட்ஸும் ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸும் ஆடின. அமெரிக்க பேஸ்பால் லீகின் முப்பது அணிகளையும் துரத்தாதே. நம் வீட்டுப் பக்கம் வந்து ஆடிய இந்த ஆறு அணிகள், அந்தந்த ஆண்டு டாப்ஸ் கம்பெனி கார்டு, அவ்வளவு போதும். யாங்கீஸின் ஏரன் ஜட்ஜ் போன்ற பெரிய பெயர்களும் அதற்குள் வந்துவிடும். மற்ற அணிகளின் கார்டு கையில் விழுந்தால் அதெல்லாம் மாற்றுவதற்கான சரக்கு.

இரண்டாவது, பழைய சிகரெட் கார்டில் நம்மவர்கள். அந்தக் காலத்தில் மெல்லிய காகித உறைக்குள் சிகரெட் நசுங்காமல் இருக்க ஓர் அட்டை வைப்பார்கள். அதில் படம் அச்சடித்து வியாபாரம் பிடித்தார்கள். வில்ஸ் கம்பெனி 1896-ல் ஐம்பது கிரிக்கெட் வீரர்களை வெளியிட்டது. பிளேயர்ஸ் கம்பெனி 1930, 1934, 1938 ஆண்டுகளில் ஐம்பது ஐம்பதாக வெளியிட்டது. இங்கிலாந்துக்கு ஆடிய ரஞ்சித்சிங்ஜி, அவர் சகோதரர் மகன் துலீப்சிங்ஜி, இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் ஆடிய பட்டௌடி நவாப் ஆகியோரின் முகங்களைச் சிகரெட் கார்டுகளில் தேடலாம். ரஞ்சி டிராஃபி, துலீப் டிராஃபி என்று கேட்டு வளர்ந்த நமக்கு அந்தப் பெயர்களுக்குரிய முகங்கள் கிடைக்கும். போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டால் 1940-ல் சிகரெட் கார்டு இங்கே நின்றுபோனது. முடிந்துபோன தொடர் என்பதால் புதிதாக வந்து உன் பர்ஸைத் தொந்தரவு செய்யாது.

இரண்டும் வேறு வேறு என்று நினைக்காதே. 1909 முதல் 1911 வரை புகழ்பெற்ற டி206 பேஸ்பால் கார்டுகளை வெளியிட்டது அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி. அதுவும், வில்ஸும் பிளேயர்ஸும் அடங்கிய இங்கிலாந்தின் இம்பீரியல் டொபாக்கோவும் சந்தைச் சண்டை போட்டு ஓய்ந்து, 1902-ல் லண்டனில் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவைக் கூட்டாகத் தொடங்கின. ஆக, இரண்டு கார்டும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி.

3. எங்கே தேடுவது, எதில் ஏமாறக் கூடாது

சனிக்கிழமை போர்ட்டபெல்லோ ரோடு சந்தை, செசில் கோர்ட்டில் பழைய அச்சுப் படம் விற்கும் கடைகள், ஞாயிற்றுக்கிழமை கார் பூட் சேல், தெருவோரச் சாரிட்டி ஷாப் எல்லாவற்றிலும் சிகரெட் கார்டு கண்ணில் படும். 1927-ல் தொடங்கிய லண்டன் சிகரெட் கார்டு கம்பெனியின் பெயரில்தான் லண்டன் இருக்கிறது. கம்பெனி இருப்பது சாமர்செட்டில், சாமர்ட்டன் ஊரில். அதனால் தபாலில் வரவழைப்பதே சுலபம். புதிய விளையாட்டுக் கார்டுக்கு எஷர் சாண்டவுன் பார்க்கில் நடக்கும் லண்டன் கார்டு ஷோவுக்குப் போய்ப் பார். வாட்டர்லூவிலிருந்து ரயில் உண்டு.

ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடங்கள் மூன்று. ஒன்று, "பழசு" என்ற பெயரில் 1980-களின் கடைசியிலும் 1990-களின் தொடக்கத்திலும் வந்த பேஸ்பால் கார்டை அதிக விலைக்கு வாங்காதே. அந்த ஆண்டுகளில் அளவில்லாமல் அச்சடித்துத் தள்ளினார்கள். இன்றும் பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது. இரண்டு, மறுஅச்சு. டி206-ல் ஹோனஸ் வாக்னர் என்ற வீரரின் கார்டு ஒன்று 2022-ல் 72.5 லட்சம் டாலருக்கு விற்றது. அதன் மறுஅச்சு சில டாலருக்கே கிடைக்கும். பூதக்கண்ணாடியில் பார்: இக்காலத்து அச்சு வரிசை தவறாத புள்ளிகளாகத் தெரியும், அந்தக் காலத்துக் கல்லச்சில் அந்த ஒழுங்கு இருக்காது. மூன்று, இணையத்தில் கேட்கும் விலையை விலை என்று நம்பாதே. ஈபேயில் "விற்றுப்போனவை" என்று வடிகட்டிப் பார். யாரோ உண்மையில் கொடுத்த காசு அங்கேதான் தெரியும்.

4. ஈரத்திலிருந்து காப்பாற்று

லண்டன் வீட்டில் கார்டுக்கு முதல் எதிரி ஈரம். குளிர்காலத்தில் வெளிச்சுவரில் நீர் கோத்துக்கொள்ளும். அந்தச் சுவரை ஒட்டிய அலமாரி, மாடிப் பரண், ரேடியேட்டர் பக்கம், வெயில் விழும் ஜன்னலோரம் இவை நான்கும் வேண்டாம். வீட்டின் உள்சுவரை ஒட்டிய அலமாரியின் நடுத்தட்டு நல்லது. 1930-களின் பிற்பகுதி சிகரெட் கார்டு பலவற்றின் பின்பக்கம் ஆல்பத்தில் ஒட்டுவதற்கான பசை உண்டு. ஈரம் பட்டால் கட்டே ஒன்றோடு ஒன்று ஒட்டிவிடும்.

ஒவ்வொரு நல்ல கார்டையும் முதலில் மெல்லிய ஸ்லீவில் போடு, பிறகு டாப்லோடர் எனும் கெட்டி உறையில் வை. ஃபைல் தாள் வாங்கும்போது பிவிசி இல்லாததா என்று பார். பிவிசி நாளடைவில் பிசுபிசுத்து அச்சைக் கெடுக்கும். அளவையும் கவனி. இன்றைய பேஸ்பால் கார்டு இரண்டரைக்கு மூன்றரை அங்குலம், ஒன்பது அறைத் தாளில் உட்காரும். வழக்கமான சிகரெட் கார்டு ஏறக்குறைய 36-க்கு 68 மில்லிமீட்டர்தான். அதற்கென்று சின்ன அறைத் தாள் தனியாக விற்கிறார்கள்.

5. இரண்டு பட்டியல் எழுது

நோட்டில் ஒரு பக்கம் "வேண்டும்", மறுபக்கம் "தருவேன்". கார்டின் ஆண்டு, தொடர், எண் மூன்றும் இருக்க வேண்டும். "ஜட்ஜ் கார்டு இருக்கிறதா?" என்று கேட்டால் எதிராளிக்கு எந்த ஜட்ஜ் என்று தெரியாது. எண்ணைச் சொன்னால் அவர் தன் பெட்டியைத் திறந்து எடுத்து வைத்துவிடுவார்.

"தருவேன்" பக்கத்தில் குறைகளையும் எழுது. நான்கு மூலை, நான்கு ஓரம், முன்பின் பரப்பு, படம் நடுவில் இருக்கிறதா என்று இந்த வரிசையில் பார்த்தால் எதுவும் தப்பாது. கார்டை விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தால் கீறலும் மடிப்பும் தெரியும். எதிராளி கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன் நீயே சொல்லிவிடு.

6. விலையைப் பார்க்காதே, தேவையைப் பார்

இதுதான் நான் சொல்ல வந்ததன் மையம். மாற்றும்போது பென்ஸுக்குப் பென்ஸ் சரி பார்த்தால் அது வியாபாரம். இரண்டு தடவைக்கு மேல் நடக்காது. மான்செஸ்டரில் ஒருவருக்கு உன்னிடமுள்ள மூன்று மெட்ஸ் கார்டு கிடைத்தால் அவர் தொடர் முடிகிறது என்று வைத்துக்கொள். அவர் அனுப்புவது உனக்குத் தேவையான ஒரே ஒரு கப்ஸ் கார்டு. கொடு. உனக்கு அந்த மூன்றும் டிராயரில் சும்மாதானே கிடந்தன? இரண்டு வீட்டிலும் பயனில்லாதது போய், பயனுள்ளது வந்திருக்கிறது.

ஒரு கார்டுக்கு மட்டும் நிஜமாகவே விலை அதிகம் என்றால் அப்போது பேசு. கையெழுத்துப் போட்டது, எண்ணிட்டுக் குறைவாக அச்சடித்தது, நட்சத்திர வீரரின் முதல் ஆண்டுக் கார்டு இவற்றுக்கு ஈபே விலை பார்த்துவிட்டு ஒத்துக்கொள். எதிராளி விவரம் தெரியாத புதியவராகவோ பிள்ளையாகவோ இருந்தால், உனக்கு லாபமான மாற்று என்று நீயே அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

புதியவரோடு முதல் மாற்று சின்னதாக இருக்கட்டும், ஐந்தாறு சாதாரணக் கார்டு. புதிதாக வந்தவர் முதலில் அனுப்புவது இந்த வட்டாரத்தில் வழக்கம். நீ புதியவளென்றால் கூச்சப்படாமல் நீயே முதலில் அனுப்பு. யார் எதை அனுப்புகிறார்கள் என்பதை இருவரும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டுப் பிடிப்பவருக்கு இருப்பதுபோல இங்கேயும் பெயர்தான் எல்லாம். ஒரு தடவை சொன்ன தேதியில் அனுப்பினால் அந்தச் செய்தி நாலு பேருக்குப் போகும்.

7. தபாலில் காசைச் சேமி

ராயல் மெயிலில் சாதாரண லெட்டர் என்றால் தடிமன் 5 மில்லிமீட்டர், எடை 100 கிராம், அளவு 24-க்கு 16.5 சென்டிமீட்டர் தாண்டக் கூடாது. தாண்டினால் லார்ஜ் லெட்டர், ஸ்டாம்ப் விலை கூடும். டாப்லோடரோடு இரண்டு பக்கமும் தடித்த அட்டை வைத்தால் 5 மில்லிமீட்டரைச் சுலபமாகத் தாண்டிவிடும். சாதாரணக் கார்டு இரண்டு மூன்றை ஸ்லீவில் போட்டு, காலையுணவு சீரியல் பெட்டியின் மெல்லிய அட்டை நடுவே வைத்தால் லெட்டருக்குள் அடங்கும். நல்ல கார்டுக்கு லார்ஜ் லெட்டர் காசைக் கொடுத்துவிடு.

டாப்லோடர் வாயைச் செல்லோடேப்பால் மூடாதே. பசை ஊறிக் கார்டைக் கெடுக்கும். பெயின்ட் அடிப்பவர்கள் ஒட்டும் நீலநிற டேப் நல்லது. நுனியை மடித்து ஒட்டினால் பெறுபவர் நகத்தால் சுரண்ட வேண்டியதில்லை. போஸ்ட் ஆபீஸ் கவுன்டரில் "ப்ரூஃப் ஆஃப் போஸ்டிங்" கேட்டு வாங்கு. அதற்குக் காசு கிடையாது. விலையுயர்ந்த கார்டை ஸ்பெஷல் டெலிவரியில் மட்டும் அனுப்பு.

வெளிநாட்டுக்கு அனுப்பும் கவரில் கார்டு இருந்தால் அது பொருள். சுங்கப் படிவம் தேவை. மாற்றுக்கு அனுப்புவதை "அன்பளிப்பு" என்று எழுதாதே. உண்மையான விவரமும் மதிப்பும் எழுது. அமெரிக்காவில் 800 டாலர்வரை இருந்த வரிவிலக்கு 2025 ஆகஸ்டில் முடிந்துவிட்டது. அங்கே அனுப்பும் முன் ராயல் மெயிலின் அப்போதைய விதியைப் பார்த்துக்கொள்.

8. பையன் மாற்றும்போது

பல பள்ளிகள் கார்டைத் தடை செய்திருக்கின்றன. உன் பையன் பள்ளியின் விதியை முதலில் கேள். அனுமதி இருந்தாலும் டூப்ளிகேட் மட்டும் பையில் போகட்டும். ஆல்பம் வீட்டிலேயே இருக்கட்டும். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டியபிறகே மாற்று முடிவாகும் என்று ஒரு சட்டம் வை. பெரியவர்களைச் சந்திக்கப் போனால் லைப்ரரி, கஃபே போன்ற பொது இடத்தில், நீயும் கூட.

இந்த வாரக் கடைசியில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. டிராயரைக் கவிழ்த்து டூப்ளிகேட்டைப் பிரி, "தருவேன்" பட்டியலை எழுது, அதை எனக்கு அனுப்பு. பிளேயர்ஸ் 1934 தொடரில் எனக்கு இன்னும் சில எண்கள் குறைகின்றன. என்னிடம் யாங்கீஸ் கார்டு ஏகப்பட்டது கிடக்கிறது. முதல் மாற்றை நாமே ஆரம்பிப்போம். புதியவள் நீ என்பதால், கவரை நீதான் முதலில் போட வேண்டும்!


அன்புடன்,
அக்கா