8085 போர்டு: மெமரிக்கு முன் ப்ராசஸரை ஓட்டுங்கள்

பழைய ப்ராசஸரை வைத்துச் சொந்தமாக மதர்போர்டு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்: எல்லா ஐ.சி.யையும் மாட்டிவிட்டு மொத்தமாக கரண்ட் கொடுப்பது. ஓடாவிட்டால் அத்தனை கம்பிகளில் எதைச் சந்தேகிப்பது? ஆகவே மெமரி வைக்கும் முன் ப்ராசஸரைத் தனியாக ஓட்டிப் பார்க்க வேண்டும். நம் மாணவர்கள் கல்லூரி லேப் கிட்டில் பழகிய, இன்டெல் 1976-இல் வெளியிட்ட 8085 இதற்குத் தோதானது. பொன்னேரியில் மின்சார ரயில் ஏறினால் சென்னை சென்ட்ரல், அங்கிருந்து எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு. சாமான்களுக்கு அது போதும்.

அடிப்படை இணைப்பு சுலபம். 40-ஆம் காலுக்கு 5 வோல்ட், 20-க்கு கிரவுண்ட், இரண்டுக்கும் நடுவே 104 கெப்பாசிட்டர், 1, 2-இல் கிரிஸ்டல், 36-இல் ரீசெட். ரெடி (35) 5 வோல்ட்டுக்கு. ஹோல்டு (39), டிராப் முதலான இன்டரப்ட் கால்கள் (6 முதல் 10 வரை) கிரவுண்டுக்கு. எந்த இன்புட்டையும் அந்தரத்தில் விடாதீர்கள்.

இனி சிக்கலான படி. எதுவும் செய்யாமல் அடுத்த முகவரிக்கு நகரும் நாப் கட்டளையின் குறியீடு 00. 12 முதல் 19 வரையுள்ள டேட்டா கால்களை ஆளுக்கொரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரால் கிரவுண்டுக்கு இழுத்தால், ப்ராசஸர் எங்கே படித்தாலும் நாப்தான் கிடைக்கும். முகவரி ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போகும். ஆனால் 8085-இல் இதே கால்கள்தான் முதலில் முகவரியையும் சுமக்கின்றன. அந்த மின்னூட்டம் வடிவதற்குள் ப்ராசஸர் படித்துவிட்டால் மிச்ச முகவரியே கட்டளையாகிவிடும். 1 கிலோ ஓம் போட்டால் சீக்கிரம் வடியுமே என்றால், அவ்வளவு சுமையை இந்தக் கால்கள் தாங்கா. எனவே ரெசிஸ்டரை மாற்றாமல் வேகத்தைக் குறையுங்கள்: வழக்கமான 6.144-க்குப் பதில் 2 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். உள்ளே அது 1 மெகாஹெர்ட்ஸ் ஆகும். ஒரு நாப்புக்கு 4 துடிப்பு, மொத்தம் 65,536 முகவரிகள். ஆக ஏ15 காலில் (28) 5 வோல்ட்டிலிருந்து 2.2 கிலோ ஓம் வழியாகத் தொடுத்த எல்.இ.டி. வினாடிக்கு ஏறக்குறைய 4 முறை மினுக்கும். ஏ14-க்கு மாற்றினால் வேகம் இரட்டிக்க வேண்டும். மாறாவிட்டால் இரண்டு கம்பிகள் ஒட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

இது போர்டு முழுவதையும் நிரூபிக்காதே என்பீர்கள். உண்மைதான், டேட்டா கம்பிகளை இது முழுமையாகச் சோதிக்காது. ஆனால் பவர், கிளாக், ரீசெட், மேல் முகவரிக் கம்பிகள் சந்தேகப் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். அடுத்து ரெசிஸ்டர்களைக் கழற்றி, அந்தக் கால்களில் முதலில் வரும் முகவரியைப் பிடித்துவைக்கும் லாட்ச்சையும் 28சி256 ஈஈப்ராமையும் மாட்டுங்கள். லாட்ச் 74எச்.சி.டி.573 ஆகவே இருக்கட்டும், வெறும் எச்.சி. வகைக்கு 8085 தரும் ‘ஹை’ வோல்டேஜ் போதாமல் போகலாம். முதல் புரோகிராம், சிம் கட்டளையால் 4-ஆம் காலை மினுக்குவது. அதற்கு ராமே தேவையில்லை. ராம் கடைசியில்.

ஐ.ஐ.டி. மெட்ராஸ் ‘சக்தி’ ப்ராசஸரையே உருவாக்கியிருக்க, இந்தப் பழசு எதற்கு என்றும் கேட்கலாம். இன்றைய சிப்களில் முக்கியமான பஸ்கள் உறைக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. 8085-இல் ஒவ்வொன்றும் காலாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ப்ராசஸர் வடிவமைக்கப் போகிறவருக்கும் மீட்டர் முனை வைத்துப் பழக இப்படி ஒரு போர்டு வேண்டும்.