மேப்பிளை விடுங்கள், இச்சியைப் பிடியுங்கள்

மேப்பிள் போன்சாய் வைக்க வேண்டும் என்று யோசனை கேட்கும் சென்னைக்காரர்களிடம் நான் முதலில் சொல்லும் பதில், "வேண்டாம்". கைப்பேசியில் படத்தைக் காட்டுவார்கள். ஒரே அடியிலிருந்து ஐந்து தண்டுகள் கிளம்பி, மேலே ஒரே தலையாக விரிந்து, இலையெல்லாம் செக்கச்செவேலென்று நிற்கும். ஆசை வருவது நியாயம்தான். ஆனால் ஜப்பானிய மேப்பிளுக்குக் குளிர்கால உறக்கம் வேண்டும். ஏழு டிகிரிக்குக் கீழே பல வாரங்கள் கிடந்தால்தான் அதன் மொட்டுகள் வசந்தத்தில் ஒழுங்காக விழிக்கும். நமக்கு மார்கழி, தை விடியற்காலையில்கூடச் சராசரியாக 20, 21 டிகிரி. தூங்கவே விடாத ஊரில் அந்த மரம் முதல் வருடம் சமாளிக்கும், அடுத்த வருடம் மெலியும், சித்திரை வெயிலில் இலை ஓரம் கருகி முடிந்துபோகும். இணையத்தில் விற்கும் 'நீல மேப்பிள்' விதைப் பொட்டலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நீல இலை மேப்பிள் என்று ஒரு மரம் உலகத்திலேயே இல்லை.

1923-ல் டோக்கியோ பகுதியைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. அதன் பிறகு அங்கிருந்த போன்சாய்த் தோட்டக்காரர்கள் சிலர் நல்ல மண்ணும் தண்ணீரும் காற்றும் தேடி ஓமியா என்ற இடத்துக்குப் போய், 1925-ல் போன்சாய்க் கிராமத்தை உருவாக்கினார்கள். மரத்துக்காக ஊரையே மாற்றியவர்கள் அவர்கள். நாம் மந்தைவெளியையும் மயிலாப்பூரையும் விட்டுப் போகப் போவதில்லை. அப்படியென்றால் மாற வேண்டியது மரம்தான். பல்தண்டு போன்சாயில் என் அனுபவம் கற்றுத்தந்ததை ஒரு வரிசையாகவே சொல்லிவிடலாம்: மரத்தை ஊர் முடிவு செய்யட்டும், வடிவத்தை அடிப்பகுதி முடிவு செய்யட்டும், தொட்டியை மரம் முடிவு செய்யட்டும். நம்மில் பலர் அழகான தொட்டியை வாங்கிவிட்டு அதற்கு மரம் தேடுகிறோம். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

எந்த மரம்?

மேப்பிளின் பல்தண்டு அழகை இங்கே தரக்கூடியது அத்தி, ஆல், அரசு, இச்சி அடங்கிய ஃபைக்கஸ் பேரினம். அதில் என் தேர்வு கல் இச்சி. நர்சரியில் 'ஃபைக்கஸ் மைக்ரோகார்ப்பா' என்று கேளுங்கள். அதன் வகைகளான 'பாண்டா', 'லாங் ஐலண்ட்' இரண்டும் கிழக்குக் கடற்கரைச் சாலை நர்சரிகளில் சாதாரணமாகக் கிடைக்கும். இலை சிறியது, வெட்டினால் உடனே துளிர்க்கும், வெயிலுக்கு அஞ்சாது. முக்கியமான குணம் இன்னொன்று: இரண்டு தண்டுகளை இறுக்கிக் கட்டினால் பட்டையோடு பட்டை ஒட்டி ஒன்றாகிவிடும். பல்தண்டு வடிவத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

வீங்கிய கிழங்கு போன்ற வேரோடு 'ஜின்செங்' என்று விற்கிறார்களே, அதை இந்த வேலைக்கு வாங்க வேண்டாம். அது வேர் ஒன்று, மேலே ஒட்டுக்கட்டிய கிளை வேறொன்று. அதிலிருந்து இயல்பான அடி வராது.

ஆலமரமே வைக்கலாமே என்பார்கள். வைக்கலாம், ஆனால் இலை பெரிது. சிறிய மரத்தில் அளவு பொருந்த நெடுநாள் பிடிக்கும். பக்கத்து வீட்டு மாமி வேறு காரணம் சொன்னார்: "ஏம்மா, ஆலையும் அரசையும் ஆத்துல வளர்க்கப்படாதுன்னு சொல்லுவாளே?" "அதனாலதான் மாமி இச்சி வெச்சிருக்கேன்" என்றேன். அவருக்கும் திருப்தி, எனக்கும் வசதி.

அடையாறில் ஒரு பாடம்

வடிவம் பழகப் புத்தகம் புரட்டுவதற்கு முன், அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். சுமார் 450 வயது என்கிறார்கள். அதன் தாய்த்தண்டு 1989-ல் புயலில் சாய்ந்துவிட்டது. இன்று நாம் பார்ப்பது விழுதுகளாக இறங்கித் தண்டுகளாகிவிட்ட பிள்ளைகளை. கொல்கத்தாவுக்கு எதிரே ஹவுராத் தாவரவியல் பூங்காவில் உள்ள பெரிய ஆலமரத்துக்கும் இதே கதைதான். பூஞ்சை தாக்கியதால் அதன் அடிமரத்தை 1925-ல் எடுத்துவிட்டார்கள்.

அடையாறில் நின்று கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, எந்த இரண்டு தண்டும் ஒரே பருமனில் இல்லை. இரண்டு, தண்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகளும் ஒரே அளவில் இல்லை. சில நெருங்கிக் கூட்டமாக, சில தள்ளித் தனியாக. மூன்று, இத்தனை தண்டு இருந்தும் மேலே கூரை ஒன்றுதான். பல்தண்டு போன்சாயின் இலக்கணம் முழுக்க இந்த மூன்றில் அடங்கிவிடும்.

தண்டுகளை ஒன்றாக்குவது

இரண்டு வழிகள். முதல் வழி, கட்டைவிரலைவிடப் பருத்த ஒரு நாற்றை மண்ணிலிருந்து நாலு விரல் உயரத்தில் வெட்டிவிடுவது. சுற்றிலும் துளிர்கள் கிளம்பும். அவற்றில் வெவ்வேறு திசையில் போகும் ஐந்தை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடலாம். இயல்பான தோற்றம் இதில்தான் வரும், ஆனால் பொறுமை வேண்டும்.

இரண்டாவது வழி, போத்துகளைச் சேர்த்துக் கட்டுவது. இங்கே ஒரு விதி: எல்லாப் போத்துகளும் ஒரே தாய்ச்செடியிலிருந்து வர வேண்டும். வேறு வேறு செடியிலிருந்து எடுத்தால் இலையளவும் துளிர்க்கும் காலமும் பட்டையின் நிறமும் மாறி, கடைசிவரை ஐந்து செடியாகவே தெரியும். வேர்விட்ட போத்துகளின் அடிகளை நெருக்கி, பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டிச் சுற்றுங்கள். ரப்பர் தண்டோடு சேர்ந்து விரியும், கயிறுபோல வெட்டாது. அப்படியே அகலமான தொட்டியிலோ, இடமிருந்தால் தரையிலோ நட்டு நன்றாக வளரவிடுங்கள். ஓரிரு ஆண்டுகளில் அடிகள் ஒட்டத் தொடங்கும். இந்தக் காலத்தில் மேலே வெட்ட வேண்டாம். இலை எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு வேகமாக அடி பருக்கும்.

இந்தக் கட்டத்துக்கு அழகான தொட்டி தேவையில்லை. ரங்கநாதன் தெருப் பக்கம் கிடைக்கும் ஆழமில்லாத பிளாஸ்டிக் பேசினில், கம்பியைச் சூடாக்கிப் பத்துப் பன்னிரண்டு ஓட்டை போட்டால் போதும்.

வடிவம் தருதல்

முதலில் அடிமண்ணைத் தூரிகையால் விலக்கி, வேர்கள் மண்ணுக்குள் இறங்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். எந்தப் பக்கம் வேர் அகலமாகப் பரவியிருக்கிறதோ அதுதான் பெரும்பாலும் முன்பக்கம். பிறகு கண்மட்டத்தில் வைத்துப் பாருங்கள். நின்றுகொண்டு மேலிருந்து பார்த்து எடுத்த முடிவுகள் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டியிருக்கும்.

மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையில் தண்டு வைப்பது மரபு. ஏழுக்கு மேல் போனால் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியாது. பருத்த தண்டே உயர்ந்த தண்டாக இருக்கட்டும். இரண்டாவது தண்டு அதன் பக்கத்திலேயே, சுமார் மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில். ஓரத்துத் தண்டுகள் வெளிப்பக்கம் சாய வேண்டும். சாய்வு அடியிலிருந்தே தொடங்கினால்தான் இயல்பு. நேராக எழும்பி நடுவில் வளைந்தால் கம்பி கட்டியது காட்டிக்கொடுத்துவிடும். தண்டுகளுக்கு நடுவே உள்நோக்கி வளரும் கிளைகளை எடுத்துவிடுங்கள். ஒரு தண்டுக்கு நேர் பின்னால் இன்னொரு தண்டு மறைந்து நின்றால் கொஞ்சம் விலக்குங்கள்.

கம்பிக்குக் கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு கனம், 45 டிகிரிச் சாய்வில் சுற்று. அலுமினியக் கம்பி பழகுவதற்கு எளிது. ஜப்பானியப் புத்தகங்களில் ஒரு பருவம் முழுக்கக் கம்பியை விட்டுவைக்கச் சொல்வார்கள். நம் ஊரில் அது நடக்காது. இச்சி வருடம் முழுக்க வளர்வதால் ஆறேழு வாரத்திலேயே கம்பி பட்டையில் பதியும். வாரம் ஒருமுறை பாருங்கள். கழற்றும்போது சுருள் பிரிக்காமல் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். பருத்த தண்டுக்குக் கம்பி சுற்றுவதைவிட, தொட்டி விளிம்பில் கட்டி இழுப்பது பாதுகாப்பு.

வெட்டினால் பால் வடியும். தண்ணீர் தெளித்தால் நின்றுவிடும். சிலருக்கு அந்தப் பால் பட்டால் தோல் அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இலையைச் சிறிதாக்க, திடமாக இருக்கும் மரத்தில் பங்குனி அல்லது சித்திரையில் எல்லா இலையையும் காம்பை விட்டுக் கத்தரிக்கலாம். மூன்று நான்கு வாரத்தில் சின்ன இலையாகத் திரும்ப வரும். தொட்டி மாற்றிய கையோடு இதைச் செய்யக்கூடாது. ஒரு நேரத்தில் ஒரு அதிர்ச்சி போதும்.

தொட்டி தேடும் படலம்

ஒற்றைத்தண்டு மரத்துக்கு உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீளத் தொட்டி என்பது பொதுக்கணக்கு. பல்தண்டு மரம் உயரத்தைவிட அகலமாக இருக்கும். அதனால் தலையின் அகலத்தைக் கணக்கில் எடுங்கள். தலை 60 செ.மீ. என்றால் தொட்டி 40 செ.மீ. ஆழத்துக்கு முதன்மைத் தண்டின் பருமனே அளவு. சேர்ந்த அடி முழுவதையும் கணக்கில் கொண்டால் தொட்டி கனத்துப்போய் மரம் அதில் மூழ்கியதுபோல் தெரியும். தண்டு 5 செ.மீ. என்றால் தொட்டியும் 5 செ.மீ. சென்னை வெயிலுக்காக ஒரு செ.மீ. கூட்டிக்கொள்ளலாம். நீள்வட்டம் அல்லது வட்டம். மூலை கூர்மையான செவ்வகம், வளைந்து எழும் தண்டுகளோடு சண்டை போடும்.

நிறத்தில் மேப்பிள் வழக்கத்தை அப்படியே எடுக்காதீர்கள். இலை சிவந்து உதிரும் மரத்துக்கு நீலமும் பச்சையுமாகப் பளபளக்கும் பூச்சு எடுப்பாக இருக்கும். இச்சி என்றைக்கும் பச்சை, தண்டு சாம்பல். அதற்குப் பூச்சில்லாத பழுப்பும் செங்காவியும்தான் பொருத்தம்.

கடைக்குப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். அட்டைப்பெட்டியை வெவ்வேறு அளவில் நீள்வட்டமாக வெட்டி, மரத்தடியில் ஒவ்வொன்றாக வைத்துப் படம் எடுங்கள். எது சரி என்று படத்தில் சட்டென்று தெரியும். அந்த அட்டையையே கையோடு எடுத்துப் போகலாம்.

நான் பயன்படுத்தும் இடங்கள், பொருள்கள் இவை:

- சுடுமண்: கொசப்பேட்டைக் குயவர்களிடம் சொல்லிச் செய்யலாம். களிமண் காய்ந்து சுட்டு வரும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும். 40 செ.மீ. வேண்டுமென்றால் ஈர அளவு 44 அல்லது 45 என்று சொல்லுங்கள். "அக்கா, இவ்ளோ தட்டையா இருந்தா சூளையில கோணிக்கும், கொஞ்சம் கனமா போடுறேன்" என்றார் எனக்குச் செய்துகொடுத்தவர். அவர் சொல்வதைக் கேளுங்கள். விளிம்பு உட்பக்கம் மடங்காமல் இருக்கட்டும், இல்லாவிட்டால் வேர்க்கட்டியை வெளியே எடுக்க முடியாது. அடியில் கால்கள் வேண்டும். வடிகால் ஓட்டையோடு, மரத்தைக் கட்டக் கம்பி நுழையும் சிறு ஓட்டைகளும் ஈரமாக இருக்கும்போதே போட்டுவிட வேண்டும்.

- கற்களிமண் பீங்கான்: புதுச்சேரிப் பக்கம் போகிறவர்களுக்கு வாய்ப்பு அதிகம். ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-ல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியின் வழியாக அங்கே ஒரு மட்பாண்ட மரபே வளர்ந்திருக்கிறது. அதிக வெப்பத்தில் சுட்டது, நீர் உறிஞ்சாது, பல ஆண்டு நிற்கும். விலையும் அதற்கேற்ப இருக்கும். வடிவம் முடிந்த மரத்துக்கு மட்டும்.

- கடப்பா கல்: பழைய வீட்டை இடிக்கும்போது சமையலறை அலமாரிப் பலகை கிடைக்கும். ஓரத்தை ஒழுங்கில்லாமல் உடைத்து, களிமண்ணும் தென்னை நார்த்தூளும் பிசைந்து கரை கட்டி, அதற்குள் நடலாம். கறுப்புக் கல் மதிய வெயிலில் கொதிக்கும் என்பதால் காலை வெயில் மட்டும் விழும் இடம் வேண்டும்.

- கல்சட்டி: மாக்கல் மென்மையானது, தண்ணீர் ஊற்றிக்கொண்டே சுலபமாகத் துளை போடலாம். மூன்று தண்டு கொண்ட சின்ன மரத்துக்குப் பொருந்தும். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

நட்ட பிறகு

ஆழமில்லாத தொட்டியில் ஈரம் தங்கும் அடுக்கு, ஆழமான தொட்டியில் உள்ள அதே உயரம்தான். ஆகவே மொத்த மண்ணில் ஈரத்தின் பங்கு கூடிவிடும். இதைத் தாங்க மண் பொறபொறவென்று இருக்க வேண்டும். நான் போடுவது செங்கல் ஜல்லி இரண்டு பங்கு, செம்மண் ஒன்று, மக்கிய தொழு உரம் ஒன்று. மூன்றையும் சலித்துத் தூசியை எறிந்துவிடுகிறேன். தூசிதான் வடிகாலை அடைக்கும். மரத்தை நடுமையத்தில் வைக்காமல் சற்று ஒருபுறமாக, கொஞ்சம் பின்தள்ளி வைத்து, அடியில் கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். ஆடினால் புது வேர் அறுந்துபோகும்.

இச்சிக்குத் தொட்டி மாற்ற நல்ல நேரம் ஆனி, ஆடி. வெப்பம் இருக்கும், கத்திரியின் கொடுமை இருக்காது, வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேர் பிடிக்க அவகாசமும் இருக்கும். ஐப்பசி அடைமழையில் தொட்டியின் ஒரு பக்கத்துக்கு அடியில் கட்டை வைத்துச் சாய்த்துவிடுங்கள், நீர் நிற்காமல் வடியும். புயல் அறிவிப்பு வந்தால் யோசிக்காமல் மாடியிலிருந்து இறக்குங்கள். 2016 வர்தா புயல் பெரிய மரங்களையே வேரோடு சாய்த்தது. கோடையில் தொட்டி தளத்தைத் தொடாமல் பலகைமேல் இருக்கட்டும், மேலே பச்சை வலை, காலையும் மாலையும் தண்ணீர். ஆழ்குழாய்த் தண்ணீரால் தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்பு பூத்தால், மழைநீர் பிடித்து மாதம் ஒருமுறை வழிய வழிய ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

மொத்தச் செலவில் தொட்டிதான் பெரிய தொகை. அதனால்தான் அதைக் கடைசியில் வாங்கச் சொல்கிறேன். வளரும் வருடங்களில் ஒரு தண்டு பட்டுப்போகலாம், முன்பக்கம் மாறலாம், தலை எதிர்பார்த்ததைவிட அகலமாகலாம். பிளாஸ்டிக் பேசின் அத்தனைக்கும் ஈடுகொடுக்கும். அளவு சொல்லிச் செய்த தொட்டியால் முடியாது. அட்டையை வெட்டி அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் வைத்துப் பார்த்து, ஒரே அளவு பொருந்துகிறதென்றால், குயவரிடம் போக நேரம் வந்துவிட்டது.