பழைய பதிவேட்டில் பெயரைத் தேடும்போது

பாஸ்போர்ட்டுக்கோ சொத்து விஷயத்துக்கோ பாட்டனாரின் மவுத் சான்று தேவைப்படும்போதுதான் நம்மில் பலருக்கு நகராட்சியின் பழைய ஏடுகள் நினைவுக்கு வருகின்றன.

குப்பனூர் குடும்பங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது: பிறப்பும் இறப்பும் நிகழ்ந்த இடத்தில்தான் பதிவாகும், வசிக்கும் ஊரில் அல்ல. சேலம் நகர மருத்துவமனையில் பிறந்த பிள்ளையின் பதிவு சேலம் ஏட்டில் இருக்கும். குப்பனூரில் வீட்டிலேயே பிறந்திருந்தால் கிராமப் பதிவில் தேட வேண்டும். பழைய கிராம ஏடுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

சேலம் 1866-இல் நகராட்சியானது, 1994-இல் மாநகராட்சியானது. இத்தனை காலத்து ஏடுகளில் ஒரு பெயரைத் தேடுவது எளிதல்ல. பிறப்பு, இறப்பு ஏடுகள் பெயர் வரிசையில் எழுதப்படுவதில்லை. பதிவு செய்த நாள் வரிசையில் போகும். அதனால்தான் அட்டவணை வேண்டும். ஏட்டை ஸ்கேன் செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். ஆண்டு, பதிவு எண், பெயர், தந்தை பெயர், பக்கம் ஆகியவற்றைக் குறிக்காத படம் சாவி தொலைந்த பீரோதான்.

நம் பெயர்களில் இன்னொரு சிக்கல். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்: ரஹ்மான், ரகுமான், ரகிமான். பாத்திமா பாத்தும்மாள் ஆகியிருப்பார். அட்டவணை எழுதுபவர் இதைத் திருத்தக் கூடாது. ஏட்டில் உள்ளபடி எழுதி, வழக்கமான பெயரைப் பக்கத்தில் சேர்க்க வேண்டும். சில பதிவுகளில் ‘ஆண் குழந்தை’ என்று மட்டுமே இருக்கும். அங்கே தாய் தந்தை பெயரை வைத்துத்தான் தேட முடியும். பிள்ளையின் பெயரைச் சேர்க்க, பதிவு நாளிலிருந்து 15 ஆண்டுகள் வரை விதி இடம் தருகிறது.

1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான விதிகள்படி இந்த ஏடுகளை அழிக்கக் கூடாது. கரையானுக்கு அந்த விதி தெரியாது. எழும்பூரில் 1909 முதல் இயங்கும் அரசு ஆவணக் காப்பகம் போன்ற இடங்களில், கிழிந்த தாளின்மேல் மெல்லிய டிஷ்யூ தாள் ஒட்டிச் செப்பனிடுவார்கள். நாமோ செலோ டேப் ஒட்டுகிறோம், லாமினேஷன் செய்கிறோம். டேப்பின் பசை தாளை மஞ்சளாக்கும். லாமினேஷனைப் பிரித்தெடுக்க முடியாது.

ஜமாஅத்தின் நிக்காஹ் தப்தரும் கபரஸ்தான் அடக்கப் பதிவேடும் இதே நிலையில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு நோட்டுக்கும் எண் கொடுங்கள். முதல் பதிவின் தேதி, கடைசிப் பதிவின் தேதி, நோட்டு இருக்கும் இடம், இம்மூன்றையும் தனித்தாளில் எழுதி ஒரு நகலை வேறு வீட்டில் வையுங்கள். துருப்பிடித்த குண்டூசிகளை எடுத்துவிடுங்கள். மலையடிவார ஈரத்துக்கு, நோட்டுகளைச் சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து ஒரு முழமாவது உயரத்தில் அடுக்குவது நல்லது.