“மூலம்தான்” என்று இருந்துவிடாதீர்கள்

மும்பை செம்பூருக்கு நாங்கள் குடிவந்து இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு இரத்த அழுத்தத்திற்காகப் புதிதாக ஒரு பெண் மருத்துவரிடம் போயிருந்தேன். அவர் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, “உங்கள் அப்பா எதனால் இறந்தார்?” என்பது. “வயிற்றில் கட்டி” என்றேன். “வயிற்றில் எங்கே? அப்போது அவருக்கு என்ன வயது?” என்று மறுபடியும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஐம்பத்தொரு வயதில், பெற்ற தகப்பனுக்கு வந்த நோய் இன்னதென்று சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருந்தது வெட்கமாக இருந்தது.

அன்று இரவே கும்பகோணத்தில் இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்தேன். பீரோவின் அடித்தட்டில் கிடந்த பழைய ஃபைலைத் தம்பி எடுத்துப் படித்தான். பெருங்குடலில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவியிருந்தது, வயது 58, ஆண்டு 2009.

அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் என் நினைவுக்கு வந்தன. மலத்தில் இரத்தம் போகிறது என்று அப்பா அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். “மூலச்சூடு” என்று முடிவு செய்து, துத்திக்கீரையும் கருணைக்கிழங்கும் மோருமாகக் காலம் போயிற்று. இங்கிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போன் செய்தால், “அப்பாவுக்குக் கொஞ்சம் சூடு, சரியாகிவிடும்” என்பார் அம்மா. உடம்பு இளைத்து, மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகே டாக்டரிடம் போனார்கள். அதற்குள் நாள் கடந்துவிட்டது. மறு ஆண்டு அப்பா போய்விட்டார். யார் மீதும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. விஷயம் தெரிந்திருந்தால் எங்களில் யாரும் அப்படி இருந்திருக்க மாட்டோம். நம் சங்கத்துக் குடும்பங்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பாலிப் என்பது என்ன?

நமது பெருங்குடல் ஏறக்குறைய ஐந்து அடி நீளமுள்ளது. வயது ஏற ஏற, அதன் உட்சுவரில் சிலருக்குச் சிறு சிறு சதை வளர்ச்சிகள் தோன்றுகின்றன. சில மரு போலவும், சில காம்பு வைத்த காளான் போலவும் இருக்கும். இவற்றைத்தான் பாலிப் என்கிறார்கள். பெரும்பாலான பாலிப்கள் தீங்கற்றவை. ஆனால் பெருங்குடல் புற்றுநோய்களில் பெரும்பகுதி இப்படிப்பட்ட பாலிப்பிலிருந்துதான் தொடங்குகிறது. நல்ல செய்தி என்னவென்றால், ஒரு சிறு பாலிப் புற்றாக மாறுவதற்குப் பொதுவாகப் பத்து ஆண்டுகள் போல ஆகிறது. அந்த அவகாசத்தில் அதை எடுத்துவிட்டால் அது புற்றாக மாற வழியே இல்லை.

கொலனோஸ்கோப்பி என்பது சுண்டுவிரல் பருமனுள்ள, வளையக்கூடிய நீண்ட குழாயை ஆசனவாய் வழியாகச் செலுத்திப் பெருங்குடல் முழுவதையும் பார்க்கும் பரிசோதனை. குழாயின் நுனியில் விளக்கும் கேமராவும் உண்டு. பாலிப் தென்பட்டால் அதே குழாய் வழியாக ஒரு கம்பிச் சுருக்கை அனுப்பி, சுருக்குப் போட்டு அறுத்து எடுத்துவிடுகிறார்கள். 1969-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ஹிரோமி ஷின்யா, வில்லியம் உல்ஃப் என்ற மருத்துவர்கள் இந்த முறையைத் தொடங்கினார்கள். அதற்கு முன்பு, மேலே உள்ள ஒரு பாலிப்பை எடுக்க வயிற்றையே கிழிக்க வேண்டியிருந்தது. ஆகவே இது நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை மட்டுமல்ல, நோய் வராமல் தடுக்கும் சிகிச்சையும் ஆகும்.

பலன் எவ்வளவு? பாலிப்களை அகற்றிக்கொண்டவர்களுக்கு இந்தப் புற்றுநோய் வருவது எதிர்பார்த்ததைவிட 76 முதல் 90 விழுக்காடு வரை குறைந்ததாக 1993-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று கூறியது. 2022-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், சோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடையே பத்து ஆண்டுகளில் நோய் 18 விழுக்காடுதான் குறைந்திருந்தது. ஆனால் அழைக்கப்பட்டவர்களில் பாதிப் பேர்கூடச் சோதனைக்கு வரவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

யாருக்கு, எப்போது?

மேலை நாடுகளைவிட இந்தியாவில் இந்த நோய் குறைவுதான். வாய், மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கு இருப்பதுபோல, பெருங்குடலுக்கென்று தேசிய அளவில் சோதனைத் திட்டம் நம் நாட்டில் இல்லை. எனவே யாரும் நம்மைத் தேடிவந்து அழைக்க மாட்டார்கள்; நாம்தான் கேட்க வேண்டும். அமெரிக்காவில் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கே 45 வயதில் சோதனையைத் தொடங்கச் சொல்கிறார்கள். 2021-இல் வந்த மாற்றம் இது; அதற்கு முன்பு 50 என்றிருந்தது.

ஆனால் பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ 60 வயதுக்குள் இந்த நோய் வந்திருந்தால் கணக்கு வேறு. 40 வயதிலோ, அல்லது அவருக்கு நோய் வந்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்போ, எது முந்தியதோ அப்போது தொடங்க வேண்டும். அந்தக் கணக்கின்படி நான் நாற்பதிலேயே போயிருக்க வேண்டியவள். பதினொரு ஆண்டுகள் பிந்திப் போனேன்.

மலத்தில் இரத்தம், சில வாரங்களாகியும் மாறாத மலச்சிக்கல் அல்லது பேதி, காரணம் தெரியாத இரத்தசோகை, எடை குறைதல் ஆகியவை இருந்தால் எந்த வயதானாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரத்தம் போவது பெரும்பாலும் மூலமாகவே இருக்கலாம். ஆனால் மூலம் இருப்பவருக்குப் பாலிப் இருக்காது என்று எந்த விதியும் இல்லை. பார்க்காமல் சொல்ல முடியாது.

எனக்கு நடந்தது

சோதனையைவிட அதற்கான தயாரிப்புதான் சிரமம். இரண்டு நாள் முன்பே கீரை, கொய்யா, முழுத்தானியம் எல்லாம் நிறுத்தியாயிற்று. முதல் நாள் இளநீர், வடிகட்டிய ரசம், பால் விடாத தேநீர் மட்டும். சிவப்பு நிறப் பானங்கள் குடலில் இரத்தம் போலத் தெரியும் என்பதால் கூடாது என்றார்கள். இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்த பேதி மருந்தைப் பாதி மாலையிலும் மீதி விடியற்காலையிலுமாகக் குடித்தேன். கடைசியில் வெறும் தெளிந்த நீர் போல வெளியேறியது. குடல் சுத்தமாக இல்லாவிட்டால் சிறு பாலிப் கண்ணில் படாது என்பதால் இதில் மட்டும் அலட்சியம் கூடாது. சர்க்கரை நோய்க்கும், இரத்தம் உறையாமலிருக்கவும், இரும்புச் சத்துக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். எதையும் தாமாக நிறுத்தக் கூடாது.

எனக்கு இருந்த பெரிய தயக்கம் கூச்சம்தான். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்டேன், ஏற்பாடு செய்தார்கள். நரம்பில் ஊசி போட்டதும் தூங்கிவிட்டேன். விழித்தபோது அரை மணி நேரம் கடந்திருந்தது. வயிற்றில் காற்று நிறைந்தது போன்ற உப்புசம் தவிர வலி எதுவும் இல்லை. மயக்க மருந்து கொடுப்பதால் அன்று வண்டி ஓட்டக் கூடாது. துணைக்கு ஒருவர் வேண்டும். என் கணவர் வந்திருந்தார். குடலில் துளை விழுவது, இரத்தம் கசிவது போன்ற ஆபத்துகளும் உண்டு. துளை விழுவது ஆயிரத்தில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான். பிறகு கடும் வயிற்றுவலியோ காய்ச்சலோ இரத்தப்போக்கோ வந்தால் உடனே திரும்பிப் போக வேண்டும்.

எனக்கு இரண்டு பாலிப்கள் இருந்தன. இரண்டையும் அப்போதே எடுத்துவிட்டார்கள். ஒன்று தீங்கற்ற வகை. எட்டு மில்லிமீட்டர் இருந்த மற்றொன்று, விட்டுவைத்தால் பிற்காலத்தில் புற்றாகக்கூடிய வகை. ஐந்து ஆண்டு கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவை நினைத்தேன். அவருக்கும் ஒரு காலத்தில் அது எட்டு மில்லிமீட்டராகத்தானே இருந்திருக்கும்?

கொலனோஸ்கோப்பிக்குத் தயங்குபவர்கள், கண்ணுக்குத் தெரியாத இரத்தம் மலத்தில் உள்ளதா என்று பார்க்கும் எளிய சோதனையையாவது ஆண்டுதோறும் செய்துகொள்ளலாம். அதில் இரத்தம் உண்டு என்று வந்தால் கொலனோஸ்கோப்பி செய்தே தீர வேண்டும். ஆனால் குடும்பத்தில் நோய் இருந்தவர்கள் நேராகக் கொலனோஸ்கோப்பிக்கே போவது நல்லது. பெரிய அரசு மருத்துவமனைகளிலும் இதைச் செய்கிறார்கள்.

ஒரு வேண்டுகோள்

நாம் ஊரை விட்டு வந்தவர்கள். கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் போய்வருகிறோம். நிலத்தின் பட்டாவையும் பிள்ளைகளின் ஜாதகத்தையும் பத்திரமாகக் கொண்டு வந்திருக்கிறோம். பெற்றோருக்கு எந்த உறுப்பில், எந்த வயதில், என்ன நோய் வந்தது என்பதைக் கொண்டு வரவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் செய்யும்போது அதைக் கேட்டு ஒரு காகிதத்தில் குறித்து வையுங்கள். உங்களுக்கு இருப்பதையும் உடன்பிறந்தவர்களுக்கு மறைக்காமல் சொல்லுங்கள். பெண்ணுக்கு வரன் தடைபடும் என்று நோயை மறைக்கும் வழக்கம் எத்தனை உயிரை வாங்கியதோ!

போபாலில் இருக்கும் என் தங்கை சோதனை செய்துகொண்டாள், ஒன்றும் இல்லை. தம்பிக்கு வயது 47. “எனக்கு ஒண்ணும் இல்லக்கா, பொங்கல் போகட்டும்” என்கிறான். அப்பாவும் அப்படித்தான் தீபாவளி போகட்டும் என்றார். இந்த இதழ் கும்பகோணத்துக்கும் தபாலில் போகிறது. தம்பி, படித்துவிட்டுப் போன் செய்.