கார்டு பொருந்தியது, வேலைக்குப் பொருந்தவில்லை

பழைய கம்ப்யூட்டருக்கு கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். ஊரே ஒரே கேள்வியைத்தான் கேட்கும்: “எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட்ஸ்?” கடைக்காரர் கேட்பார், ஐ.டி.யில் இருக்கும் மைத்துனர் கேட்பார், யூடியூபில் வரும் தம்பிகளும் கேட்பார்கள். “அந்தக் கார்டை வைத்து என்ன வேலை செய்யப் போகிறீர்கள்?” என்று மட்டும் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன், அதையும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நான் வீட்டில் பிளஸ் டூ பிசிக்ஸ் டியூஷன் எடுப்பவன். வகுப்புக்கு வர முடியாத பிள்ளைகளுக்காகப் பாடத்தை ஓ.பி.எஸ். என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் வைத்து ரெக்கார்டு செய்து, கொஞ்சம் வெட்டி ஒட்டி அனுப்புவேன். கம்ப்யூட்டர் 2014-ல் அசெம்பிள் செய்தது. ஐ5-4570 பிராசஸர், எச்81 மதர்போர்டு, பின்னால் போட்ட எஸ்.எஸ்.டி., அந்தப் போர்டு தாங்குகிற உச்சமான 16 ஜி.பி. ரேம். உங்களிடம் இருப்பதும் ஏறக்குறைய இதுவாகத்தான் இருக்கும். நம் வீடுகளில் அந்த வருடங்களில் வாங்கியதெல்லாம் இந்த ஜாதிதான்.

“புதுசே வாங்கிடலாமே” என்பவர்களுக்கு ஒரு பதில். விண்டோஸ் 11-க்கு இன்டெல் எட்டாம் தலைமுறையும் டி.பி.எம். 2.0-வும் வேண்டும் என்பதும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது என்பதும் எனக்கும் தெரியும். ஆனால் போர்டு, பிராசஸர், ரேம் மூன்றையும் ஒரே மாதத்தில் மாற்ற டியூஷன் ஃபீஸ் இடம் கொடுக்காது. என் பிரச்சினையும் முழு மெஷின் அல்ல. புதிதாக வாங்கிய 4கே மானிட்டருக்குப் போர்டில் சரியான அவுட்புட் இல்லை, எடிட்டிங் சாஃப்ட்வேர் தவழ்ந்தது. இரண்டுக்கும் ஒரு கார்டு போதும். அந்தக் கணக்கு சரியான கணக்கு, இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மைத்துனர் போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார்: “மாமா, ஆர்.எக்ஸ். 6400 வாங்கிடுங்க. வெறும் 53 வாட். தனியா பவர் கேபிளே வேணாம்.” சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் அதே கார்டை எடுத்து மேசைமேல் வைத்தார்கள். “இது பாடம் ரெக்கார்டு பண்ற மெஷின் தம்பி, ரெக்கார்டிங் ஒழுங்கா வரணும்” என்று வாய்விட்டுச் சொன்னேன். “சூப்பரா வரும் சார். எந்த போர்டுலயும் ஓடும். 4கே சார்!” என்றார் அந்தப் பையன். ஐந்து இலக்கத்தில் பணம் கட்டி வாங்கி வந்தேன்.

மாட்டுவது பெரிய காரியமில்லை. பிளக்கைப் பிடுங்கி, ஸ்லாட்டில் அழுத்தி, ஸ்க்ரூ போட்டு, டிரைவர் இறக்கினால் முடிந்தது. 4கே பளிச்சென்று வந்தது. மறுநாள் மின்னோட்டவியல் பாடத்தை ரெக்கார்டு செய்ய உட்கார்ந்தேன். கிர்க்காஃப் விதியில் பாதி தாண்டுவதற்குள் ஓ.பி.எஸ். கீழ்ப் பட்டையில் ‘என்கோடிங் ஓவர்லோடு’ என்று சிவப்பு எழுத்து. ஓட விட்டுப் பார்த்தால் என் கை கரும்பலகையில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவுகிறது, குரல் மட்டும் ஒழுங்காக ஓடுகிறது. கார்டே இல்லாத காலத்தில்கூட இந்த மெஷின் இப்படிச் செய்ததில்லை.

நடந்தது இதுதான். வீடியோவைச் சுருக்கிக் கோப்பாக்குவதற்கு என்கோடர் என்று சிப்புக்குள்ளேயே ஒரு தனிப் பகுதி உண்டு. என் ஐ5-க்குள் இருக்கும் இன்டெல் கிராபிக்ஸில் க்விக்சிங்க் என்ற பெயரில் அது இருந்தது. இத்தனை நாள் என் பாடங்களைச் சத்தமில்லாமல் சுருக்கிக் கொடுத்தது அதுதான். தனிக் கார்டைப் போட்டதும் பல போர்டுகள் உள்ளிருக்கும் கிராபிக்ஸைத் தானாகவே அணைத்துவிடும். என் போர்டும் அணைத்துவிட்டது. சரி, புதுக் கார்டின் என்கோடர் அந்த வேலையைப் பார்க்கும் என்றுதானே நினைப்போம்? ஆர்.எக்ஸ். 6400-ல் என்கோடரே கிடையாது! படம் ஓட்டுவதற்கான டிகோடர் உண்டு, பதிவதற்கான என்கோடர் இல்லை. ஓ.பி.எஸ்.ஸில் செட்டிங்ஸ், அவுட்புட், என்கோடர் பட்டியலைத் திறந்தேன். முன்பு க்விக்சிங்க் நின்ற இடம் காலி. எக்ஸ்264 என்ற சாஃப்ட்வேர் வழி மட்டும் தனியாக நின்றது. நாலே கோர் உள்ள பிராசஸர் ஓ.பி.எஸ்.ஸையும் பிரவுசரையும் ஓட்டிக்கொண்டு வீடியோவையும் சுருக்க வேண்டும் என்றால் எங்கே போகும்?

கார்டின் மேல் எனக்குக் கோபமில்லை. அந்தச் சிப் லேப்டாப்புகளை மனதில் வைத்து வடிவமைத்தது. அங்கே கூடவே வரும் பிராசஸரில் என்கோடர் இருக்கும் என்பதால் இதில் விட்டுவிட்டார்கள். 2022-ல் அதையே டெஸ்க்டாப் கார்டாகவும் கொண்டுவந்தார்கள். ஸ்பெசிஃபிகேஷன் பக்கத்தில் ஒளிக்காமல் போட்டிருக்கிறார்கள். கோபமெல்லாம் ‘ரெக்கார்டிங்’ என்ற சொல்லைக் கேட்டுவிட்டும் ‘சூப்பரா வரும்’ என்று சொன்ன வாயின் மேல்தான். கடைக்குத் திரும்பப் போனால், “பாக்ஸ் ஓப்பன் பண்ணியாச்சு சார், ரிட்டர்ன் இல்ல. கார்டு ஓடுதுல்ல?” ஓடுகிறதுதான்.

பயாஸில் உள்ளிருக்கும் கிராபிக்ஸை மீண்டும் இயக்க ‘ஐ.ஜி.பி.யு. மல்டி மானிட்டர்’ என்று ஒரு வசதி இருக்கும். அதை எனேபிள் செய்து இன்டெல் டிரைவரைப் போட்டதும் க்விக்சிங்க் பட்டியலுக்குத் திரும்பி வந்தது. “அப்புறம் என்ன மாமா, சரியாயிடுச்சே” என்றார் மைத்துனர். சரியாகவில்லை. எடிட்டிங் இன்னும் இழுத்தது. அதற்குக் காரணம் வாட்ஸை மட்டும் பார்ப்பவர்கள் தொடாத இரண்டாவது சங்கதி: லேன், அதாவது கார்டுக்கும் போர்டுக்கும் நடுவே டேட்டா ஓடும் பாதை.

ஸ்லாட் பதினாறு லேன் நீளத்தில் இருக்கும். ஆர்.எக்ஸ். 6400 அதில் நான்கை மட்டுமே பயன்படுத்தும். பி.சி.ஐ.இ. நான்காம் தலைமுறைப் போர்டில் அந்த நான்கே வினாடிக்குச் சுமார் 8 ஜி.பி. கடத்திவிடும், குறையில்லை. எச்81 போர்டில் கதையே வேறு. நாலாம் தலைமுறை ஐ5 பிராசஸர் பி.சி.ஐ.இ. 3.0 தரக்கூடியது, ஆனால் எச்81 சிப்செட் ஸ்லாட்டை 2.0-வுக்கு இறக்கிவிடும். 2.0-வில் ஒரு லேனுக்கு 500 எம்.பி., நான்குக்கு 2 ஜி.பி. கால்வாசி! ஜி.எஸ்.டி. சாலை வண்டிகளைப் பெருங்களத்தூரில் ஒற்றைச் சந்துக்குள் திருப்பிவிட்ட மாதிரி. கார்டிலுள்ள 4 ஜி.பி. மெமரிக்குள் வேலை அடங்கும்வரை பெரிதாகத் தெரியாது. 4கே வீடியோவை டைம்லைனில் போட்டதும் அது நிரம்பி, மிச்சம் ரேமுக்கும் கார்டுக்கும் நடுவே ஓடத் தொடங்கும். அப்போது தெரியும் சந்தின் அகலம்.

வாட்ஸ் பார்ப்பதே வீண் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதையும் யாரும் ஒழுங்காகப் பார்ப்பதில்லை. கேபினெட்டோடு வந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மேல் 450 என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதை மறந்துவிட்டு, அதே ஸ்டிக்கரில் +12வி என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். என்னுடையதில் 18. பன்னிரண்டால் பெருக்கினால் 216 வாட், உண்மையான தெம்பு அவ்வளவுதான். பிராசஸருக்கு 84, ஸ்லாட்டிலிருந்து கார்டு இழுக்கக்கூடிய உச்சம் 75. இரண்டும் சேர்ந்து 159, தாங்கும். ஆகவே தனி பவர் கேபிள் கேட்காத 75 வாட் கார்டுவரை எனக்கு இடம் இருந்தது. 53-லேயே நின்றுகொள்ள ஒரு காரணமும் இல்லை. இந்தப் பெருக்கலை அந்தக் கடையில் யாரும் போட்டுக் காட்டவில்லை, மைத்துனரும் போடவில்லை. நான் பிளஸ் டூவுக்குப் பாடம் எடுப்பவன், வீட்டுக்கு வந்து போட்டேன்.

6400-ஐ விற்றுவிட்டேன். என்னிடம் வாங்கியவர் புதிய போர்டில் படம் பார்க்கவும் சின்ன கேம் ஆடவும் வைத்திருக்கிறார், நிம்மதியாக இருக்கிறார். அவருக்கு அது சரியான கார்டு. நான் வாங்கியது பழைய ஜி.டி.எக்ஸ். 1650, 4 ஜி.பி. 2019-ல் வந்தது, 75 வாட், என்கோடர் உண்டு, பதினாறு லேனையும் பயன்படுத்தும். என் பழைய ஸ்லாட்டிலேயே 2.0 வேகத்தில் பதினாறு லேன் சேர்ந்து 8 ஜி.பி. தருகிறது. புதுப் போர்டில் 6400-க்குக் கிடைக்கும் அதே அளவு. ஜி.பி.யு-இஸட் மென்பொருளில் ‘பஸ் இன்டர்ஃபேஸ்’ என்ற வரியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். சும்மா இருக்கும்போது 1.1 என்று காட்டினால் பதறாதீர்கள், மின்சாரம் மிச்சம் பிடிக்கிறது. பக்கத்திலுள்ள கேள்விக்குறியை அழுத்தி லோடு கொடுத்தால் 2.0-வுக்கு ஏறிவிடும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் சி.பி.யு-இஸட் போட்டு மெயின்போர்டு பக்கத்தில் சிப்செட் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து எஸ்.எம்.பி.எஸ். ஸ்டிக்கர், கேபினெட்டுக்குள் கார்டுக்கு இருக்கும் நீளம், மானிட்டரின் போர்ட். வி.ஜி.ஏ. மானிட்டர் வைத்திருந்தால் இன்றைய கார்டுகளில் அந்த போர்ட் கிடையாது, நல்ல கன்வர்ட்டருக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வையுங்கள். யு.இ.எஃப்.ஐ. இல்லாத மிகப் பழைய போர்டு என்றால் சில புதிய கார்டுகள் திரையையே எழுப்பாது, மாட்டிக் காட்டச் சொல்லி வாங்குங்கள். இன்டெல் ஆர்க் கார்டுகள் ரீசைசபிள் பார் என்ற வசதியை நம்பி இருப்பவை. நம் போர்டுகளுக்கு அது வராது, விலையைப் பார்த்து மயங்க வேண்டாம்.

கடையில் “4 ஜி.பி. கார்டு, ரொம்ப சீப்” என்று ஜி.டி. 730-ஐ நீட்டுவார்கள். 2014-ல் வந்த கார்டு அது. எத்தனை ஜி.பி. என்பதைவிட எந்த வகை மெமரி என்பதே முக்கியம். ஜி.டி. 1030-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே பெயரில் இரண்டு கார்டு. ஜி.டி.டி.ஆர்.5 வைத்தது வினாடிக்கு 48 ஜி.பி., டி.டி.ஆர்.4 வைத்தது 16.8. பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். இரண்டிலுமே என்கோடர் கிடையாது, டியூஷன் வாத்தியார்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. நல்ல கார்டுதான், ஆனால் அந்தத் தலைமுறைக்கான புது கேம் டிரைவர்கள் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டன. இனி பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான். விலை பாதியாக இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

பழைய 1650 வாங்குபவர்கள் மேலே ஆறு பின் சாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். அதே பெயரில் அப்படியும் பல மாடல்கள் உண்டு, நம் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் அதற்கான கேபிள் பெரும்பாலும் இருக்காது. விற்பவர் வீட்டிலேயே கால் மணி நேரம் ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருளை ஓட விட்டு, ஃபேன் சத்தத்தையும் சூட்டையும் பாருங்கள். கூச்சப்படாதீர்கள், கொடுப்பது நம் பணம்.

கடைசியாக, புதுக் கார்டு வாங்குகிறீர்களா? ‘வீடியோ என்கோடர் உண்டு, இந்தப் போர்டுக்குப் பொருந்தும்’ என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தந்தது பொய்யானால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்க உங்கள் கையில் ஆதாரம் இருக்கும். வாயால் ‘சூப்பரா வரும்’ என்பவர் பேனாவை எடுக்கத் தயங்கினால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள், ரிச்சி தெருவில் கடைக்கா பஞ்சம்? மைத்துனரோ, “இன்னும் கொஞ்சம் போட்டிருந்தா புது மெஷினே வந்திருக்கும் மாமா” என்று இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுகிறார்.