பில் மிஷின் வாங்குமுன்

சரக்கெடுக்க நம் மண்டிக்கு வரும் காரமடை, மேட்டுப்பாளையம் பகுதிக் கடைக்காரர்கள் விலை கேட்டு முடித்ததும் இப்போது அடுத்துக் கேட்பது, "ஏனுங்ணா, பில் போடற மிஷின் எது வாங்கலாமுங்க?" என்பதுதான்.

மிஷினைப் பார்க்குமுன் ஒரு வாரம் நம் கடையைப் பார்க்க வேண்டும். எத்தனை பேர் பாக்கெட் சரக்கு வாங்குகிறார்கள், எத்தனை பேர் சில்லறையாக எடை போட்டு வாங்குகிறார்கள், எத்தனை பேர் "எழுதி வையுங்க" என்கிறார்கள் என்று நோட்டில் குறித்து வந்தால் பாதி முடிவு கிடைத்துவிடும். சோப்பு, பிஸ்கட் உறைகளில் 890 என்று தொடங்கும் பார்கோடு இருக்கும். ஸ்கேனர் உடனே படித்துவிடும். மூட்டையிலிருந்து அள்ளிப் போடும் துவரம்பருப்புக்கும் வெல்லத்துக்கும் அது ஏது? சில்லறை எடை அதிகமுள்ள கடைக்கு ஸ்கேனரை விடத் தராசுதான் முதற்செலவு.

மின்னணுத் தராசில் ஒரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. 30 கிலோ தராசு பெரும்பாலும் 5 கிராம் படியாகத்தான் காட்டும். அதன் குறைந்தபட்ச எடை 100 கிராம் என்று தகட்டிலேயே பொறித்திருப்பார்கள். அதில் 50 கிராம் ஏலக்காய் போட்டால், 5 கிராம் தவறினாலும் பத்தில் ஒரு பங்கு போயிற்று. ஏலக்காய், கிராம்பு விற்பவர்கள் சிறு தராசு ஒன்று தனியாக வைத்துக்கொள்வதே நல்லது. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி மின்னணுத் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறையும், இரும்பு எடைக்கற்களுக்கு 24 மாதத்துக்கு ஒருமுறையும் முத்திரை போட வேண்டும். விலை மலிவு என்று முத்திரையில்லாத தராசை வாங்கிவிட்டுப் பின்னால் அலையக் கூடாது.

அடுத்தது வரி. 18-7-2022 முதல் 25 கிலோ வரையிலான லேபிள் ஒட்டிய அரிசிப் பைக்கு 5 சதவீதம் வந்தது. உடனே 26 கிலோ பை கடைக்கு வந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். 22-9-2025 அன்று சோப்பும் பற்பசையும் ஒரே இரவில் 18-லிருந்து 5-க்கு இறங்கின. ஆகவே விற்க வருபவரிடம், "இந்தச் சோப்பின் வரியை என் கையாலேயே மாற்றிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். ஒவ்வொரு முறையும் அவர் ஆளை அனுப்பினால்தான் மாறும் என்றால் அந்த மிஷின் நமக்கு வேண்டாம். காம்போசிஷன் முறையில் உள்ளவர்கள் வாடிக்கையாளரிடம் வரியைத் தனியாக வசூலிக்கக் கூடாது. மிஷின் அதைப் பிரித்து அடிக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாக்கிக் கணக்கு விஷயத்தில் நாங்கள் பட்டதைச் சொல்லிவிடுகிறோம். சில வருடங்களுக்கு முன் கம்ப்யூட்டர் வந்த ஜோரில் பேரேடு எழுதுவதை நிறுத்திவிட்டோம். மழைக்காலத்தில் ஒரு மாலை இடி இடித்து, கரண்ட் வந்து வந்து போய், ஹார்டு டிஸ்க் போய்விட்டது. நகல் எடுத்து வைக்கவில்லை. மென்பொருள் விற்றவரின் போன் உபயோகத்தில் இல்லை. மூன்று மாதப் பாக்கியும் அதற்குள்!

கடை கடையாகப் போய், "உங்க கணக்குல எவ்வளவுங்க நிக்குது?" என்று கேட்டோம். நாங்கள் கொடுத்திருந்த பில்களோ தெர்மல் தாள்; வெயிலிலும் எண்ணெய்க் கையிலும் பட்டு வெள்ளையாகிவிட்டன. பென்சிலால் சிட்டை எழுதிக் கம்பியில் குத்தி வைத்திருந்த ஒரு சிறு கடைக்காரர், நாங்கள் நினைத்ததை விட அதிகமான தொகையைத் தாமே சொல்லிக் கொடுத்தார். இன்னொருவரிடம் ஞாபகத்தை நம்பிக் கூடுதலாகக் கேட்டுவிட்டோம். அவர் வாய் பேசாமல் கொடுத்தார். அதன்பின் நம் மண்டிக்கு வரவில்லை. இருபது வருடப் பழக்கம்.

இப்போது தினமும் கடை அடைக்குமுன் பாக்கியைப் பேரேட்டில் ஏற்றுகிறோம், பென்டிரைவில் நகலும் எடுக்கிறோம். கொள்முதல் பில் தெர்மல் தாளில் வந்தால் அன்றே ஜெராக்ஸ். ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் கெடுநாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டுமே.

க்யூஆர் அட்டைக்கு மிஷினே தேவையில்லை. வங்கிக் கணக்கிலிருந்து வரும் யுபிஐ பணத்துக்கு 2020 ஜனவரி முதல் வணிகரிடம் கட்டணம் கிடையாது. பணம் வந்ததைக் கூவும் சவுண்ட் பாக்ஸுக்கு மாத வாடகை எவ்வளவு என்று மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மாசித் தேரன்று நம் ஊரில் கூடும் கூட்டத்தில் சிக்னல் திணறும். அன்றைக்குக் கல்லாவில் பத்து, இருபது ரூபாய் நோட்டுகள் கூடுதலாக இருக்கட்டும்.