பதக்கத்தைவிடப் பத்திரம் பெரிது

கேள்வி: இரண்டாம் உலகப்போர் கால ஜெர்மன் நீர்மூழ்கி மாலுமிகளின் பதக்கங்களைச் சேகரிக்க ஆசை. எப்படித் தொடங்குவது?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: பதக்கத்தை வாங்கும் முன் காகிதத்தைத் தேடுங்கள். 1939 அக்டோபரில் தொடங்கப்பட்ட நீர்மூழ்கிப் போர்ச் சின்னம், பொதுவாக இரண்டு போர்ப் பயணம் முடித்தவர்களுக்குக் கிடைத்தது. அதில் போலிகள் ஏராளம். உடன் வழங்கிய சான்றிதழில் மாலுமியின் பெயர், பதவி, தேதி, அதிகாரியின் கையெழுத்து இருக்கும். அந்தப் பெயரும் தேதியும் அவர் பணியாற்றிய நீர்மூழ்கிக் கப்பலின் பயணத்தோடு பொருந்துகின்றனவா என்று சரிபாருங்கள். ஜெர்மனியில், ஃப்ரைபுர்க் நகரின் ராணுவ ஆவணக் காப்பகத்தில் இந்தக் கப்பல்களின் போர் நாட்குறிப்புகள் உள்ளன. குக்ஸ்ஹாஃபன் நகரில் நீர்மூழ்கிகளுக்கெனத் தனி அருங்காட்சியகமே இருக்கிறது.

நமக்கு நெருக்கமான கப்பல் யு-180. 1943 பிப்ரவரியில் கீல் துறைமுகத்திலிருந்து நேதாஜியையும் அவருடைய உதவியாளர் ஆபித் ஹசனையும் ஏற்றிச் சென்றது அதுதான். ஏப்ரல் இறுதியில், மடகாஸ்கர் அருகே நடுக்கடலில், இருவரும் ஜப்பானின் ஐ-29 கப்பலுக்கு மாறினார்கள். 1944 ஆகஸ்டில் யு-180 தன் 56 மாலுமிகளோடும் பிஸ்கே விரிகுடாவில் மறைந்தது. முதலில் இதன் வரலாற்றைப் படியுங்கள்.

நாஜிச் சின்னத்தைப் போற்றச் சேகரிக்காதீர்கள். வரலாற்றை அறியச் சேகரியுங்கள். பெயரில்லாத பதக்கத்துக்குப் பெரும்பணம் கொடுக்கவே வேண்டாம்.